பாட்டன் பெயர் எந்த ஏட்டில்?

மதுரை மாநகரின் நாற்சந்திகளில் சுவர்களைப் படித்துக்கொண்டு நடப்போருக்கு வியப்பு மேலிடும். ஒரு சுவரொட்டி, ஆண்ட பரம்பரை நாம் என்று முழங்கும். பத்தடி தள்ளி இன்னொன்று. சாதி வேறு, முழக்கம் அதே! அதற்கும் அப்பால் மூன்றாவது ஒன்று. ஆண்டவர்கள் இத்தனை பேர் என்றால், ஆளப்பட்டவர்கள் எங்கே போயினர்? ஏர் பிடித்தவர் யார்? கண்மாய் வெட்டியவர் யார்? திருமலை நாயக்கர் மகாலுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர் யார்? அவர்களுக்கெல்லாம் வழித்தோன்றலே இல்லாமற் போயிற்றா?

அந்தச் சுவரொட்டியை ஒட்டும் இளைஞரை நிறுத்திக் கேட்போம்: தோழா, உன் பாட்டனின் தந்தை பெயர் என்ன? அவர் விழிப்பார். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் முடி சூடிய மன்னனின் பட்டப் பெயர் அவருக்கு மனப்பாடம். நூறு ஆண்டுகளுக்கு முன் தன் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றிய மனிதனின் பெயர் தெரியாது. அந்த மனிதனின் மனைவி பெயர்? அதைக் கேட்கவே வேண்டாம்.

குலப்பெருமை பேசுவோர் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. ஒருவருக்குப் பெற்றோர் இருவர். பாட்டன் பாட்டிமார் நால்வர். அதற்கு மேல் எண்மர். இப்படியே பத்துத் தலைமுறை ஏறினால் 1,024 பேர். இருபது தலைமுறை ஏறினால் 10,48,576 பேர். அத்தை மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கம் நம்மிடை உண்டு. ஆதலால் ஒரே பெயர் இருமுறை, மும்முறை வரும், தொகை குறையும். குறைந்தாலும் நூற்றுக்கணக்கானோரின் குருதி நம் ஒவ்வொருவர் உடலிலும் ஓடுகிறது. அவர்களுள் ஒரே ஒருவரை, அதுவும் ஆண்வழியில் ஒருவரை மட்டும் பொறுக்கி எடுத்து, அவரே நம் மூதாதை என்று மார்தட்டுவது என்ன அறிவு? கோத்திரத்துக்கு ஒரு முனிவர் என்று வைதிகர் சொன்னதும் இதே கணக்குப் பிழைதான். நாம் பகுத்தறிவாளர், முனிவரை விட்டுவிட்டோம். ஆனால் முனிவர் இருந்த பீடத்தில் மன்னரை உட்கார வைத்துவிட்டோம்!

அப்படியானால் மூதாதையரைத் தேடுவதே வீணா? இல்லை. தேட வேண்டும், ஆதாரத்தோடு தேட வேண்டும். தேடுகிறபோது ஒரு பேருண்மை புலப்படும். ஏடுகள் எல்லாரையும் எழுதவில்லை. எழுதியவர்களையும் ஒரே காரணத்துக்காக எழுதவில்லை.

முதலில் குடிக்கணக்கைப் பார்ப்போம். இந்தியா முழுவதையும் தழுவிய முதல் குடிக்கணக்கு 1871, 1872 ஆண்டுகளை ஒட்டி எடுக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1871-ல். பிறகு 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை. வீடுதோறும் ஆள் வந்து பெயர், வயது, சாதி, தொழில் எல்லாம் எழுதிப் போனார்கள். ஆகவே மதுரைச் சீமையின் ஒவ்வொரு குடிசைப் பெயரும் எங்கோ ஓரிடத்தில் உறங்கிக் கொண்டிருக்கும் என்று நினைப்போம். ஏமாற்றமே மிஞ்சும். கூட்டிக் கழித்துத் தொகை எடுத்தவுடன் வீட்டுவாரித் தாள்களை அழித்துவிட்டார்கள். தொகை நின்றது, மனிதன் மறைந்தான். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் மாண்டவர்களை இந்த ஏடுகளில் தேடினால், 1871-ல் இருந்த சென்னை மாகாண மக்கள் தொகை 1881-ல் குறைந்து நிற்பதைக் காணலாம். அந்தக் குறைவுக்குள்ளே எத்தனையோ குடும்பங்களின் பாட்டன்மார் அடக்கம். பெயர் இல்லை, கழித்தல் குறி மட்டும் உண்டு. விடுதலைக்குப் பின் வந்த 1948-ஆம் ஆண்டுக் குடிக்கணக்குச் சட்டமோ, தனியாள் விவரத்தை எவரும் பார்வையிடலாகாது, வழக்கில் சான்றாகவும் கொள்ளலாகாது என்று விதித்தது.

இங்கிலாந்தில் நிலை வேறு. அங்கே 1841 முதல் எடுத்த கணக்குகளில் பெரும்பாலானவை பெயர்களோடு பாதுகாக்கப்பட்டன. நூறாண்டு கழிந்ததும் மக்கள் பார்வைக்குத் திறக்கப்படுகின்றன. 1921-ஆம் ஆண்டுக் கணக்கு 2022-ல் திறந்தது. அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் பேரன் தன் பாட்டனின் தந்தை எந்தத் தெருவில் குடியிருந்தார் என்று காணலாம். நம்மை ஆண்ட அதே அரசு, தன் நாட்டில் ஏழையின் பெயரையும் காத்தது. இங்கே தொகையை மட்டும் காத்தது.

அமெரிக்காவைப் பாருங்கள். 1850, 1860 ஆண்டுக் கணக்குகளில் அடிமைகளுக்குத் தனித் தாள் போட்டார்கள். அதில் ஆண்டையின் பெயர் உண்டு. அடிமையின் வயது, பால், நிறம் உண்டு. பெயர் மட்டும் இல்லை. கறுப்பின மக்கள் அனைவரும் பெயரோடு எழுதப்பட்டது 1870-ஆம் ஆண்டுக் கணக்கில்தான். அதற்கு முன் தம் முன்னோரைத் தேடும் நீக்ரோவர் வழித்தோன்றல்கள் இன்றும் 1870 என்ற சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர்களுக்கு அது ஆண்டுச் சுவர். நமக்கோ அது உடைமைச் சுவர்.

எப்படி? நில ஏடுகளைத் திறப்போம்.

நம் பக்கத்தில் பழங்குடும்ப வரலாற்றுக்கு வற்றாத ஊற்று நிலப்பதிவே. 1801-ல் கர்நாடக நவாபின் ஆட்சியுரிமை கம்பெனி கைக்குப் போனபின், நிலத்தை அளந்து வரி விதிக்கப் பைமாஷ் கணக்குகள் எழுந்தன. 1858-ல் இனாம் ஆணையம் அமைந்தது. மானிய நிலம் யாருக்கு, யாரால், எதற்காக வழங்கப்பட்டது, முதலில் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் அவருக்கு என்ன உறவு என்றெல்லாம் அது கேட்டு எழுதியது. 1865 முதல் பத்திரப் பதிவு அலுவலகங்கள் வந்தன. பிறகு அளவையும் நிலவரித் திட்டமும், பட்டா, சிட்டா, அடங்கல், 'அ' பதிவேடு. 1895-ல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்து வைகைப் பள்ளத்தாக்கில் பாய்ந்தபின், மேலூர்ப் பக்கத்துப் புன்செய் பலவும் நன்செய் ஆயின. நிலத்துக்கு விலை ஏறிய ஊரில் காகிதத்துக்கும் மதிப்பு ஏறுவது இயல்பு.

இனாம் பெற்ற குடும்பத்தார் இந்த ஏடுகளைப் புரட்டினால் ஐந்து தலைமுறை, ஆறு தலைமுறை வரிசையாக நிற்கும். பட்டாதார் வீட்டில் தகரப் பெட்டியைத் திறந்தால் கிரயப்பத்திரமும் பாகப்பிரிவினையும் பாட்டன் கைநாட்டோடு கிடக்கும். ஆனால் அந்த நிலத்தில் உழுதவர்? வாரத்துக்குப் பயிரிட்டவர்? பண்ணையாளாகப் பரம்பரை பரம்பரையாய்க் கிடந்தவர்? அவருக்கு நிலமில்லை, ஆகவே பத்திரமில்லை, ஆகவே பெயருமில்லை. ஒரு காலத்தில் அவர் ஏட்டில் ஏறியதும் உண்டு. விற்பவராக அன்று, வாங்குபவராக அன்று, விற்கப்படும் பொருளாக! அடிமை ஓலைகள் தமிழகத்தில் கிடைத்திருக்கின்றன. அடிமைமுறைக்குச் சட்டம் அளித்துவந்த துணையை நீக்கியது 1843-ஆம் ஆண்டுச் சட்டம்.

செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த டிரமென்ஹீர், தீண்டாமைக்குள்ளான மக்களின் நிலையைப் பற்றி 1891-ல் அறிக்கை எழுதினார். அதன் பின் 1892-ல் அரசு ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற நிலங்கள் அம்மக்களுக்கு நிபந்தனையோடு வழங்கப்பட்டன. பிற வகுப்பார் அவற்றை வாங்கலாகாது. அன்று அந்தப் பாட்டன்மார் முதன்முறையாக நில ஏட்டில் நிலமுடையாராக எழுதப்பட்டனர். பின் வந்த பதிவேடுகளில் நிபந்தனைக் குறிப்பு விடுபட்ட இடங்களில் நிலம் கைமாறிற்று. இன்று அதை மீட்கப் போராடுவோருக்குப் பழைய 'அ' பதிவேட்டின் ஒரு வரியே வாள், ஒரு வரியே கேடயம்.

அந்த வரியை எழுதும் பேனா யார் கையில் இருந்தது? பரம்பரைக் கர்ணம் கையில். தந்தைக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று ஊர்க் கணக்கு ஒரே வீட்டில் கிடந்தது. ஊராரின் வரலாறு அவர் வீட்டுப் பரணில்! கர்ணம், மணியம் என்ற அந்தப் பரம்பரை முறையைத் தமிழக அரசு 1980-ல் ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். வழக்கு உச்சநீதிமன்றம் சென்றும் அந்த ஒழிப்பு நிலைத்தது. பிறப்பால் வருவது பேனா அன்று, படிப்பால் வருவது என்ற கொள்கைக்குக் கிடைத்த வெற்றி அது.

நில ஏட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரு சொத்தின் மூல ஆவணத்துக்குத் தாய்ப்பத்திரம் என்று பெயர். எவ்வளவு அழகான சொல்! ஆனால் விரித்துப் படித்தால், இன்னார் மகன் இன்னார், இன்னார் பேரன் இன்னார் என்று ஆண்களின் அணிவகுப்பே நடக்கும். பத்திரத்துக்குத் தாய் உண்டு; பத்திரத்தில் தாய் இல்லை. எப்போது வருவாள்? கணவன் இறந்து, பிள்ளை மைனராக இருந்தால், கார்டியனாக வருவாள். சீதனம் என்று ஏதேனும் இருந்தால் வருவாள். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-ல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழக அரசு அதைச் சட்டமாக்கியது 1989-ல். இடையில் 60 ஆண்டுகள்! அந்த 60 ஆண்டுகளின் பத்திரங்களில் எத்தனை அப்பத்தாக்களின், எத்தனை அம்மாச்சிகளின் பெயர் இல்லாமற் போயிற்று!

எம் பள்ளி மாணவரிடம் ஒருமுறை, குடும்பத்தில் நான்கு தலைமுறைப் பெயர்களை எழுதி வரச் சொன்னோம். ஆண்பெயர்கள் வந்தன. பாட்டியின் தாய்க்கு நேரே பல தாள்களில் வெற்றிடம். சிலவற்றில் "பெரியாத்தா" என்ற உறவுச் சொல். ஒரு மாணவி மட்டும் ஆறு பெண்களின் பெயர்களை வரிசையாக எழுதி வந்தாள். எப்படி என்றோம். நாற்று நடும்போது அம்மாச்சி சொன்னாள் என்றாள். எந்த அலுவலகத்திலும் இல்லாத ஏடு அது.

பெயரைப் பற்றி இன்னொன்று. பாட்டன் பெயரைப் பெறுபவன் ஆதலால் பெயரன். அதுவே பேரன் ஆயிற்று. கருப்பன் மகன் மாயன், மாயன் மகன் கருப்பன், மீண்டும் மாயன். பத்திரத்தில் இந்த இரு பெயர்களே மாறி மாறி வரும். ஆண்டைப் பார்க்காமல் படித்தால் பேரனைப் பாட்டனாக்கிவிடுவோம். வயதும் அப்படியே. பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பலருக்குப் பிறந்த நாள் ஆசிரியர் வைத்த நாள். மே, சூன் மாதங்களில் ஊரே பிறந்திருக்கும்! ஏட்டில் இருப்பதனாலேயே ஒன்று உண்மை ஆகிவிடாது. ஒரு சான்றை இன்னொரு சான்றோடு உரைத்துப் பார்ப்பதே ஆராய்ச்சி.

உடைமையற்றவனை ஏடு எழுதியதே இல்லையா? எழுதியது, தோழர்களே! ஒடுக்க வேண்டியபோது எழுதியது.

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டிப் பக்கம் செல்வோம். 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர் வகுப்பார் கொண்டுவரப்பட்டனர். குற்றம் செய்தவன் மட்டும் அல்லன், அந்த வகுப்பில் பிறந்தவனே குற்றவாளி! கைரேகை எடுத்தார்கள்; பெயரைப் பதிந்தார்கள்; பதியப்பட்டவர் இரவில் காவலர் கண்காணிப்பில் படுக்க வேண்டும் என்றார்கள். மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். எம் பெயரை உம் ஏட்டில் எழுதாதே என்று எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கி வெடித்தது. 16 உயிர்கள் மாய்ந்தன. அவர்களுள் ஒருவர் பெண். பிறப்பைக் கொண்டு குற்றத்தை முடிவு செய்தது வெள்ளையன் சட்டம். பிறப்பைக் கொண்டு உயர்வை முடிவு செய்தது மனுவின் சட்டம். இரண்டுக்கும் வேர் ஒன்றே. சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947-ல் ஒழிந்தது.

அந்த மக்கள் தங்கள் வரலாற்றை வேறோர் ஏட்டிலும் எழுதி வைத்தனர். மதுரையில் வழக்கறிஞராயிருந்த ஜார்ஜ் ஜோசப் அவர்களுக்காக வாதாடினார். அவரை ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைத்தனர். தம் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தனர். காவல் நிலையத்துப் பதிவேட்டில் இருப்பது பகை எழுதிய வரலாறு. பிள்ளையின் பெயரில் இருப்பது நன்றி எழுதிய வரலாறு. குடும்ப வரலாறு தேடுவோர் இரண்டையும் படிக்க வேண்டும்.

இனித் திருமண ஏடு. கிறித்தவர்க்குக் கோயில் பதிவேடு உண்டு. 1872-லேயே திருமணச் சட்டமும் உண்டு. இந்து என்று சொல்லப்பட்டவர்க்கோ மணப்பதிவு கட்டாயமில்லை. தமிழகத்தில் எல்லாத் திருமணங்களையும் பதிய வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 2009-ல்தான். அதற்கு முன் சான்று எது? அக்கினி சாட்சி, புரோகிதர் வாய்! 1928-ல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் புரோகிதரில்லாத் திருமணம் நடந்தது. அன்று தொட்டு ஆயிரமாயிரம் இணையர் அவ்வாறு மணந்தனர். 1953-ல் சென்னை உயர்நீதிமன்றம், சாத்திரச் சடங்கும் இல்லை, தொன்றுதொட்ட வழக்கமும் இல்லை, ஆதலால் இத்தகைய மணம் செல்லாது என்றது. என்ன பொருள்? கூடி வாழ்ந்தவள் மனைவி அல்லள்; பிறந்த பிள்ளை முறைப் பிள்ளை அன்று; சொத்தில் வாரிசு இல்லை. காகிதத்தில் ஒரு குடும்பமே இல்லாமற் போகிறது! அண்ணா முதலமைச்சரானதும் 1967-ல் சட்டம் நிறைவேறிற்று. 1968 சனவரியில் இசைவு பெற்றது. முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்றது அச்சட்டம். சட்டம் பின்னோக்கிச் சென்று, இறந்துபோன தாய்மாருக்கும் மனைவி என்ற பெயரை மீட்டுத் தந்தது. குடும்ப ஏட்டைத் திருத்திய சட்டங்களுள் அது தலையாயது.

மூதாதையரைச் சான்றாகக் காட்டி உரிமை கேட்ட கதை ஒன்றும் நம் பக்கத்தில் உண்டு. 1897-ல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தனர். வழக்கு மதுரை நீதிமன்றம் ஏறிற்று. தாங்கள் சத்திரியர், பாண்டியர் வழியினர் என்று வாதிட்டனர். 1899-ல் மதுரையில் தோல்வி. 1908-ல் இலண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோல்வி. பாட்டன் மன்னனாக இருந்தாலன்றிப் பேரன் கோயிலுக்குள் கால் வைக்க முடியாது என்ற நிலையே அந்த வாதத்தைப் பிறப்பித்தது. 1939 சூலை 8-ல் மீனாட்சியம்மன் கோயில் கதவு நாடார்க்கும் ஆதிதிராவிடர்க்கும் திறந்தபோது, எவரிடமும் வமிசாவளி கேட்கப்படவில்லை. கதவைத் திறந்தது குலப்பட்டியல் அன்று, காலத்தின் கை.

இவையெல்லாம் பழங்கதை, நமக்கென்ன என்பார்க்கு ஈழத்து மலையகத்தைக் காட்டுகிறோம். மதுரை, இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்து கங்காணி பின்னே நடந்து, கடல் கடந்து, தேயிலைக்கு உரமானார்கள் நம் மக்கள். 1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் போட்டது. பிறந்தால் போதாது, உன் தந்தை இங்கே பிறந்தவர் என்று காட்டு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர் என்று காட்டு என்றது. தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு ஏது பிறப்புச் சான்று? இலட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு போட்டனர். 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றனர். எஞ்சியோர்க்கு வழி பிறக்க 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. பாட்டன் பெயர் எழுதிய ஒரு துண்டுக் காகிதம் இல்லாமை, பேரனின் நாட்டையே பறித்தது!

ஆகவே தோழர்களே, தேடுவோம். பெருமைக்காக அன்று, உரிமைக்காக. முதலில் வீட்டில் மூத்த பெண்ணிடம் போய் உட்காருங்கள். அப்பத்தாவின் நினைவே முதல் ஆவணம். பிறகு தகரப் பெட்டித் தாய்ப்பத்திரம். பதிவு அலுவலகத்து வில்லங்கச் சான்று. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. பிறப்பு இறப்புப் பதிவு. ஊர் அன்று எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பாருங்கள். 1910-ல் இராமநாதபுரமும் 1985-ல் திண்டுக்கல்லும் பிரிந்தன, அதற்குமுன் அவ்வூர்க் காகிதம் பலவும் மதுரைப் பெயரில் இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகம் எல்லார்க்கும் உரியது. பெண்களின் பெயரை முதலில் எழுதுங்கள். கூலியாய், அடிமையாய், கைரேகையாய் ஒரு முன்னோர் கிடைத்தால் மறைக்காதீர்கள். வெட்கம் அவருக்கு உரியதன்று, அவரை அப்படி எழுதிய சமுதாயத்துக்கு உரியது.

அடுத்த குடிக்கணக்கு 2027-ல் என்றும், அதில் சாதிவாரிக் கணக்கும் உண்டு என்றும் 2025-ல் அறிவித்தார்கள். எத்தனை பேர் இருக்கிறோம், யாருக்கு என்ன கிடைத்தது என்று அறிய அந்த எண் தேவை. சமூகநீதிக்கு அதுவே அளவுகோல். ஆனால் எண் வேறு, இறுமாப்பு வேறு.

வைகைக் கரையில் கீழடி மண்ணிலிருந்து பானை ஓடுகள் வெளிவந்தன. ஆதன் என்று ஒன்று. குவிரன் ஆதன் என்று ஒன்று. ஈராயிரம் ஆண்டுக்கு முன் தம் பெயரைத் தமிழ் எழுத்தில் கீறி வைத்த மனிதர்கள். பக்கத்தில் சாதி இல்லை, கோத்திரம் இல்லை, பட்டம் இல்லை. பானை இருந்தது, எழுத்து இருந்தது, பெயர் நின்றது. நம் பாட்டன்மாருக்கு எழுத்து மறுக்கப்பட்டது. ஆகவே பெயர் நிற்கவில்லை. நமக்கு எழுத்து கிடைத்திருக்கிறது. இன்றிரவே ஒரு குறிப்பேட்டைத் திறந்து, முதல் வரியில் பாட்டியின் தாய் பெயரை எழுதுவோம்.